பப்பாளி நறுக்கிய விரல்: ஒரு சர்க்கரைக் கணக்கு தப்பிய கதை

இந்த ஆய்வில் வருகிறவர் என் பெரியம்மா. வயது 64. தென்காசிக்குச் சற்று வெளியே மகன், மருமகளோடு இருக்கிறார். அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் வகை நீரிழிவு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. நான் மருத்துவ ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். அவருடைய இரண்டு நோட்டுகளையும் பார்த்து, அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டிலேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறவர்கள் இன்று நம் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் இது நடக்கலாம். அதோடு, இதில் ஒரு தப்பான எண்ணால் ஒரு மனுஷியின் நேர்மைமேல் வீட்டில் இருந்தவர்களுக்கே சந்தேகம் வந்தது. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மருந்தும் தோட்டமும்

மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலையும் இரவும், கிளிமெபிரைடு 1 மில்லிகிராம் காலை டிபனுக்கு முன்னால். இரத்த அழுத்தத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பல வருடமாக 7 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இந்த வயதில் இதைவிட நன்றாக வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

விடியற்காலை எழுந்து, முகம் கை கால் கழுவி, ஆறு மணிக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்ப்பார். எட்டரைக்கு டிபன். ஒன்பதே முக்காலுக்குக் கொல்லைப்புறம் போவார். பத்தரைக்கு உள்ளே வந்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டிய சர்க்கரையைப் பார்ப்பார். ஆசிரியையாக இருந்தவர் என்பதால் நேரம் தவறாது. எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில் தேதி வாரியாக எழுதி வைப்பார்.

ஒன்பதே முக்காலுக்கும் பத்தரைக்கும் இடையில் என்ன செய்கிறார் என்பதை யாரும் கேட்டதில்லை. ஆனால் அவருடைய நாளிலேயே செழிப்பான நேரம் அதுதான்.

கொல்லையில் முருங்கை, கொய்யா, வாழை, மூன்று பப்பாளி, ஒரு நாரத்தை, வேலியோரம் செம்பருத்தி. புழக்கத்தில் இல்லாத ஆட்டுக்கல் ஒன்று வேப்பமரத்தடியில் கிடக்கிறது. அதன் குழியில் தினமும் தண்ணீர் நிரப்புவார், தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து அதில் குளித்துவிட்டுச் சண்டை போடும். துவைக்கிற கல்லின்மேல் ஒரு மண் தட்டு. அதில் பழத்தை நறுக்கி வைப்பார். முதலில் வருவது எப்போதும் சின்னான்தான், கொண்டைக்குருவி என்று சிலர் சொல்வார்கள். பிறகு அணில். குக்குறுவான் நாள் முழுக்க எங்கோ உட்கார்ந்து செம்புப் பானையைத் தட்டுகிறமாதிரி கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், தட்டுக்கு வருவது அபூர்வம். வந்துவிட்டால் அன்றைக்குப் பெரியம்மாவுக்குத் திருவிழா. நாரத்தைச் செடியில் புழு விழுந்தால் மருந்தடிக்க விடமாட்டார். பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் அந்தப் புழு பச்சையாகி, கூடு கட்டி, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியாகப் பறக்கிறவரை செடிக்குக் காவல் இருப்பார்.

வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்த பறவையைக் கலர் பென்சிலால் வரைந்துகொள்வார். அதுதான் இரண்டாவது நோட்டு. தேதி, நேரம், தட்டில் என்ன பழம், எந்தப் பறவை எத்தனை, கழுத்தில் என்ன நிறம், வயிற்றில் என்ன நிறம் என்று படத்துக்குப் பக்கத்தில் குறிப்பு இருக்கும். மத்தியானத்துக்கு மேல் அதில் ஒன்று தலையணை உறைக்கோ மேஜை விரிப்புக்கோ ஏறும். கொடிக்குக் காம்புத் தையல், இறகின் ஓரத்துக்குச் சங்கிலித் தையல், பழத்துக்கு முடிச்சுத் தையல். பெரியம்மா தைத்த சின்னானின் வால் அடியில் உள்ள அந்தச் சிவப்பை நான் வேறு எந்தக் கைவேலையிலும் பார்த்ததில்லை.

இதெல்லாம் உடம்புக்கும் நல்லதுதான். குனிந்து களை பறிப்பது, குடத்தில் தண்ணீர் சுமப்பது எல்லாம் தசைக்கு வேலை. வேலை செய்கிற தசை இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். வாக்கிங் போகச் சொன்னால் முட்டி வலிக்கிறது என்கிறவர், கொல்லையில் முக்கால் மணி நேரம் சலிக்காமல் நடப்பார்.

எகிறிய எண்கள்

கடந்த ஆண்டு கோடையின் கடைசியில் நோட்டில் எண்கள் மாறத் தொடங்கின. வெறும் வயிற்றில் 118 முதல் 136 வரை, எப்போதும் போலத்தான். சாப்பிட்ட பிறகு பார்ப்பதுதான் தாறுமாறாக இருந்தது. ஒரு நாள் 171, அடுத்த நாள் 294, அதற்கடுத்த நாள் 166, பிறகு 338. சாப்பிட்டதோ அதே நாலு இட்லி, அதே சட்னி.

மகன் நோட்டை போட்டோ எடுத்து மருத்துவருக்குக் காட்டினார். வெறும் வயிற்றில் சரியாக இருந்து, சாப்பிட்டதும் முந்நூறைத் தொட்டால் எந்த மருத்துவரும் சாப்பாட்டையும் மாத்திரையையும்தான் பார்ப்பார். இட்லியை இரண்டாகக் குறைக்கச் சொன்னார். கிளிமெபிரைடை 2 மில்லிகிராமாகக் கூட்டினார். கையில் இருந்த எண்களை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவு.

வீட்டில் நடந்தது வேறு. பழத்தட்டு எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் தனியாக இருக்கிறார், பக்கத்தில் நறுக்கிய பப்பாளி இருக்கிறது, உள்ளே வந்தால் சர்க்கரை முந்நூறு. மதினி நேரடியாகக் கேட்கவில்லை. பப்பாளியை எண்ணி வைக்க ஆரம்பித்தார். பிறகு அண்ணன் ஒரு நாள் கேட்டேவிட்டார்: "அம்மா, பறவைக்குத்தான் எல்லாத்தையும் வைக்கிறியா?" பெரியம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம். அடுத்த வாரம் பழத்தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கம்பு மட்டும் இறைத்திருக்கிறார். அந்த வாரம் எண்கள் இறங்கின. "பார்த்தியா?" என்று வீட்டில் எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது.

நீரிழிவு உள்ளவர்களைச் சுற்றி இப்படி ஒரு போலீஸ் வேலை எப்படியோ வந்துவிடுகிறது. அன்பினால்தான் வருகிறது. ஆனால் அறுபது வயதுக்கு மேல், ஊருக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர், தன் வீட்டில் பழம் திருடுகிறவராகப் பார்க்கப்படுவது சின்ன விஷயமில்லை.

58, பிறகு 287

மாத்திரையைக் கூட்டி மூன்று வாரம் இருக்கும். சாரல் தொடங்கியிருந்தது, களை மளமளவென்று ஏறியிருந்தது. பெரியம்மா இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பதினொன்றிலிருந்து களை பறித்திருக்கிறார். பன்னிரண்டே முக்கால் வாக்கில் சேறு படிந்த கை கால்களைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தையலை எடுத்து உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு. மதினி பதறிப்போய் மீட்டரை எடுத்துப் பார்த்தால் 58.

70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருந்தது. டப்பாவைப் பெரியம்மாவே வாங்கி, நடுங்கும் கையால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மூன்று ஸ்பூன் அளவு, அதாவது 15 கிராமை ஒட்டி இருக்கும். கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது மதினிக்குத் தெரியும். பார்த்தார். 287.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "எகிறிப் போகுது, இறங்கிப் போகுது, ஒண்ணும் பிடிபடல" என்றார். எனக்கு அந்த 287 பிடிபட்டது. 15 கிராம் குளுக்கோஸ் கால் மணி நேரத்தில் நாற்பது, ஐம்பது ஏற்றலாம். இருநூற்றுச் சொச்சம் ஏற்றாது. அப்புறம் இன்னொன்று: கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு எடுத்த எண்தான் 58. பவுடரை அள்ளிய கையில் எடுத்த எண் 287. இரண்டுக்கும் நடுவில் மாறியது இரத்தம் மட்டும்தானா?

ஒன்றொன்றாக விலக்கியது

விரலைச் சந்தேகப்படும் முன் மற்றதை முடிக்க வேண்டும். ஸ்ட்ரிப் காலாவதி ஆகவில்லை, டப்பாவை இறுக மூடித்தான் வைத்திருந்தார். சாரல் காலத்தில் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரம் ஏறி ஸ்ட்ரிப் கெட்டுவிடும், அதனால் அதை முதலில் பார்த்தேன். காலையில் கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்த்தது 122, அதே நேரம் வீட்டு மீட்டர் காட்டியது 129. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், 100க்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. ஆக மீட்டரிலும் பழுதில்லை.

எச்பிஏ1சி 6.9 வந்தது. சராசரிச் சர்க்கரையாகக் கணக்கிட்டால் 151 அளவு. தினம் முந்நூறு தொடுகிறவருக்கு இது பொருந்துவது கடினம். இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி ஏமாற்றும் என்பதால் ஹீமோகுளோபினும் பார்த்தோம், 12.1. அந்தப் பக்கமும் சிக்கல் இல்லை.

பிறகு இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பறவை நோட்டைக் கொடுக்கப் பெரியம்மாவுக்கு முதலில் மனமில்லை. "அதுல சுகர் கிகர் ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

எல்லாம் அதில்தான் இருந்தது. "பப்பாளி. சின்னான் 2, அணில் 1" என்று இருந்த நாள் சர்க்கரை நோட்டில் 294. "மழை. வெளியே போகவில்லை. நேற்றைய செம்பருத்திக்கு நிழல் போட்டேன்" என்ற நாள் 166. "திராட்சை. புள்ளிக்குயில், பெட்டை. திராட்சையை முழுசாக விழுங்குகிறது" என்ற நாள் 338. "கம்பு மட்டும். தவிட்டுக்குருவி 6" என்ற நாள் 158. பழம் நறுக்கிய நாளெல்லாம் ஏற்றம், நறுக்காத நாளெல்லாம் இயல்பு. வீட்டில் இருந்தவர்களும் இதே பொருத்தத்தைத்தான் கண்டார்கள், ஆனால் பழம் வாய்க்குப் போனதாக நினைத்தார்கள்.

நடுவில் ஒரு விஷயம் உறுத்தியது. மாம்பழம் வைத்த நாட்களில் ஏற்றம் குறைவு, 204, 197 என்று நின்றது. மாம்பழம் பப்பாளியைவிட இனிப்புதானே? யோசித்தால் அதுவும் சரியாகவே வந்தது. பழுத்த மாம்பழத்தின் இனிப்பில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நாம் காப்பியில் போடும் சர்க்கரையின் வகை. ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி குளுக்கோஸை மட்டுமே அளக்கும், சுக்ரோஸைக் கண்டுகொள்ளாது. திராட்சையிலோ 100 கிராமுக்கு 7 கிராம் அளவுக்கு நேரடிக் குளுக்கோஸ் இருக்கிறது. மாம்பழத்தைத் தின்றிருந்தால் அந்தச் சுக்ரோஸ் வயிற்றில் உடைந்து, சர்க்கரை நன்றாகவே ஏறியிருக்கும். பழம் வயிற்றுக்குப் போகவில்லை, விரலில்தான் இருந்தது என்பதற்கு எனக்கு இதுவே பெரிய சான்றாகப் பட்டது.

விரலில் நடந்தது

பெரியம்மாவுக்கு ஊசி பிடிப்பது வலது கை. அந்த விரல் நுனிகளைக் குத்திக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று, இரத்தம் எடுப்பதை எப்போதும் இடது கை மோதிர விரலில் வைத்துக்கொண்டார். தைக்கிறவருக்கு அது சரியான யோசனைதான். ஆனால் பழம் நறுக்கும்போது கத்தி வலது கையில், பழம் இடது கையில். சாறு வழிவது முழுக்க இரத்தம் எடுக்கிற கையில்.

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டுத்தானே குத்துறேன்?" என்றார். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஸ்பிரிட் கிருமிக்கு நல்லது. சர்க்கரை அதில் எளிதில் கரையாது. பஞ்சால் ஒரு தடவு தடவினால் சாறு விரல் முழுக்கப் பரவத்தான் செய்யும். 2011-இல் ஜப்பான் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நீரிழிவு இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி உரிக்கச் சொல்லி விரலில் இரத்தம் எடுத்தபோது மீட்டர் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டியது. ஆல்கஹால் பஞ்சால் ஐந்து முறை துடைத்தும் அது முழுதாகச் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியானது.

இத்தனூண்டு சாறு இவ்வளவு செய்யுமா என்று அண்ணன் நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். சர்க்கரை 100 என்றால், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று பொருள். அப்படியானால் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஒரு மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மீட்டர் உறிஞ்சுவதே ஒரு மைக்ரோலிட்டருக்குள்தான். ஆக அந்தத் துளியில் வெளியிலிருந்து இன்னொரு மைக்ரோகிராம் கலந்தாலே எண் 100 கூடிவிடும். கண்ணுக்கும் தெரியாது, பிசுபிசுப்பும் இருக்காது.

கணக்கைவிடச் செய்துகாட்டுவது மேல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, எல்லோரும் இருக்கும்போது பெரியம்மா பப்பாளி நறுக்கினார். துடைக்காமல் இடது மோதிர விரலில் பார்த்தது 312. ஸ்பிரிட்டால் துடைத்து நடுவிரலில் 247. இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஆள்காட்டி விரலில் 163. மூன்றும் ஐந்து நிமிடத்துக்குள். அதன்பிறகு அண்ணனையும் நறுக்கச் சொன்னேன். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. கழுவாத விரலில் 231, கழுவிய விரலில் 98.

மதினிதான் முதலில் பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெரியம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "நான் என்ன சின்னப் பிள்ளையா, ஒளிச்சு வச்சுத் திங்க?" என்றார். அண்ணன் அதற்கு மன்னிப்புக் கேட்டார். வார்த்தையாகவே கேட்டார், அதை இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதன் ஆபத்தான பக்கம்

பொய்யான ஏற்றத்தால் மாத்திரை கூடும், உணவு குறையும், கடைசியில் உண்மையாகவே சர்க்கரை தாழும். பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை, அதனால் இந்த ஆபத்து அவற்றில் அதிகம். இன்சுலின் போடுகிறவர்கள் மீட்டர் எண்ணைப் பார்த்து யூனிட்டைக் கூட்டினால் இன்னும் வேகமாக நடக்கும்.

அதைவிடப் பயமானது இன்னொன்று. உண்மையில் 58 இருக்கிற நேரத்தில் விரலில் குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் மீட்டர் 150 என்றுகூடக் காட்டலாம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவோம். அன்றைக்குப் பெரியம்மா களை பறித்துவிட்டுக் கை கழுவியிருந்ததால்தான் அந்த 58 நமக்குத் தெரிய வந்தது. உடம்பு நடுங்கி வியர்க்கும்போது மீட்டர் நல்ல எண் காட்டினால், உடம்பைத்தான் நம்ப வேண்டும். முதலில் குளுக்கோஸ், பிறகு கை கழுவி மறு பரிசோதனை. வீட்டில் இருப்பவர் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் எடுக்கும் முன் அவர் கையையும் கழுவ வேண்டும்.

ஜூஸ் கடையில் நிற்பவர்கள், பழ வியாபாரிகள், குழந்தைக்கு வாழைப்பழம் பிசைந்து ஊட்டிவிட்டு வரும் பாட்டிகள், தேன் எடுப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். சோப்பும் தண்ணீரும் போதும். நன்றாகத் துடைக்க வேண்டும், ஈரம் இருந்தால் துளி நீர்த்து எண் குறைந்து காட்டும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கலாம், ஆனால் பழம் தொட்ட கைக்கு அந்த வழி போதாது.

பிறகு

எல்லா எண்களையும் மருத்துவரிடம் கொண்டுபோனோம். பொறுமையாகக் கேட்டார். கிளிமெபிரைடு மீண்டும் 1 மில்லிகிராம் ஆனது, இட்லி மூன்றானது. அடுத்த எச்பிஏ1சி 7.0. அதன்பிறகு தாழ்சர்க்கரை வரவில்லை.

பழத்தட்டு திரும்ப வந்துவிட்டது. நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னேன், சர்க்கரை பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகலாமே என்று. பெரியம்மா கேட்கவில்லை. பத்தரைக்கு மேல் வெயில் ஏறினால் சின்னான் வராதாம். அதற்குப் பதிலாகக் குழாயடியில் ஒரு சோப்பு டப்பாவும் துண்டும் நிரந்தரமாக வந்துவிட்டன. சர்க்கரை நோட்டில் புதிதாக ஒரு கட்டம், "கை" என்ற தலைப்பில். கழுவியிருந்தால் டிக். இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சின்னத் துணிப்பை தைத்து, அதில் பிளாஸ்டிக் உறையில் கட்டிய குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறார். பையின் மேலே ஒரு குக்குறுவான், நெற்றியில் சிவப்புப் பொட்டோடு.

இந்த ஆய்வுக்காக அவரை முழுசாகப் பரிசோதித்தபோது வேறொன்றும் தெரிந்தது. 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையில், வலது காலின் பெருவிரல் அடியில் அவருக்கு உணர்வு குறைவு. அத்தனை வருடமும் கொல்லையில் வெறுங்காலோடுதான் நடந்திருக்கிறார். முள் குத்தினாலும் தெரிந்திருக்காது, அது புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரிந்திருக்கும். செருப்பு சேற்றில் வழுக்குகிறது என்பதால் பின்பட்டையும் மூடிய முன்பக்கமும் உள்ள கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறோம். போடும் முன் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும், சாரல் காலத்தில் பூரான் ஏறும். இரவில் பாதத்தைப் பார்ப்பது மதினியின் பொறுப்பு. அடுத்த பாதச் சோதனை தைப்பொங்கல் கழிந்து.